செவீயாவில் குழந்தையுடன் சிரமமில்லாத சைக்கிள் சுற்று: எந்த வழி, எந்த நேரம், எதில் கவனம்?

கேள்வி: ஸ்பெயினின் செவீயாவில் (செவில்) அரை நாள் கையில் இருக்கிறது. சைக்கிள் தொட்டுப் பல வருடம் ஆன பெரியவர்கள் இருவர், பத்து வயதுப் பையன் ஒருவன். பழைய நகரத்தையும் ஆற்றங்கரையையும் சேர்த்துப் பார்க்க ஒரு வழி சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: பழைய நகரின் நடுப்பகுதிக்குள் சைக்கிளில் போகாதீர்கள். சாந்தா குரூஸ் சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலே தோள் உரசும். அங்கே சைக்கிள் ஓட்டுவது உங்களுக்கும் தொல்லை, நடப்பவர்களுக்கும் தொல்லை. நகரின் ஓரத்தைச் சைக்கிளில் சுற்றுங்கள், நடுவை நடந்து பாருங்கள். கீழே சொல்லும் வழி அந்தக் கணக்கில்தான் போகிறது. மொத்தம் சுமார் 14 கி.மீ. ஓட்டும் நேரம் மட்டும் ஒன்றேகால் மணி வரை, நின்று பார்ப்பதோடு சேர்த்தால் மூன்று மணி நேரம்.

நகரம் சமதளம். ஏற்றம் என்று பார்த்தால் பாலங்களில் ஏறும் சரிவுதான். 2006, 2007 ஆண்டுகளில் இங்கே சுமார் 80 கி.மீ. சைக்கிள் பாதையை ஒரே மூச்சில் போட்டார்கள். கார் நிறுத்தும் இடங்களை எடுத்து, துண்டு துண்டாக இல்லாமல் ஒன்றோடொன்று இணைந்த வலையாகப் போட்டதுதான் அதன் பலம். பிறகு அது இன்னும் நீண்டது. பச்சை நிறத் தரை, இருவழிப் போக்கு, கார் ஓடும் பகுதியிலிருந்து பிரிக்கும் கரைக்கல். பச்சையைப் பிடித்துக்கொண்டால் பையனையும் நம்பி விடலாம்.

சைக்கிள் எடுக்கும்போது

செவிசி என்ற நகரப் பொதுச் சைக்கிள் திட்டம் எங்கும் கண்ணில் படும். உங்களுக்கு அது ஒத்துவராது. சைக்கிள்கள் கனமானவை, எல்லாம் பெரியவர் அளவு. ஒவ்வொரு முறையும் முதல் அரை மணிக்கு மேல் போனால் கட்டணம் ஓடத் தொடங்கும், அதனால் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவர்களுக்கு அது மணியைப் பார்க்கும் விளையாட்டாகிவிடும். குறுகிய காலச் சந்தாவுக்குக் கடன் அட்டையில் ஒரு தொகையை முன்பணமாகப் பிடித்தும் வைப்பார்கள். வாடகைக் கடையில் மூன்று அல்லது ஏழு கியர் உள்ள நகரச் சைக்கிள் கேளுங்கள். டயர் அகலம் 35 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும், சில இடங்களில் கருங்கல் பாவிய தரை வரும்.

கடை வாசலிலேயே மூன்று விஷயம் சரிபாருங்கள்.

இருக்கை உயரம்: உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் நேராக நீள வேண்டும். பலர் தரையில் இரண்டு பாதமும் பதியும்படி தாழ்த்திக்கொள்வார்கள். ஐந்தாவது கிலோமீட்டரில் முழங்கால் வலிப்பது அதனால்தான்.

பிரேக்: இதுதான் முக்கியம். அங்கே பெரும்பாலும் இடது கைப் பிடி முன் சக்கரத்துக்கு, வலது பின் சக்கரத்துக்கு. இந்தியச் சைக்கிள்களில் பழகிய கைக்கு இது நேர்மாறு. பின் பிரேக் என்று நினைத்து இடதை இறுக்கிப் பிடித்தால் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கிப் போடும். கடைத் தெருவிலேயே நாலைந்து முறை மெதுவாக ஓட்டி, இரண்டு கையும் சேர்த்து அழுத்திப் பழகுங்கள். பையனுக்கும் இதைச் செய்யவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்றாவது, மணியும் விளக்கும் பூட்டும். மணி இல்லாத சைக்கிளை வாங்கவே வேண்டாம், ஏன் என்பது ஆற்றங்கரையில் தெரியும்.

16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஊருக்குள்ளும் ஹெல்மெட் கட்டாயம், பையன் அளவுக்குக் கடையிலேயே கேளுங்கள். ஓட்டும்போது காதில் ஹெட்போன், கையில் போன் இரண்டுக்கும் அபராதம் உண்டு. வழி பார்க்க வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள்.

வழி

பிளாசா டி எஸ்பான்யாவில் தொடங்குங்கள். 1929 கண்காட்சிக்காகக் கட்டிடக்கலைஞர் அனிபல் கொன்சாலெஸ் வடிவமைத்த அரைவட்டக் கட்டிடம், எதிரே வளைந்த கால்வாய், மேலே நான்கு சிறு பாலங்கள். சதுக்கத்துக்குள் இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள். ஸ்பெயின் மாகாணங்களைக் காட்டும் ஓடு பதித்த மாடங்களைப் பார்க்க எப்படியும் நடக்கத்தான் வேண்டும். அங்கிருந்து மரியா லூயிசா பூங்காவை ஒட்டி மேற்கே ஆற்றுப் பக்கம் போய், வடக்கே திரும்புங்கள். ஒன்றேகால் கிலோமீட்டர் போலத் தள்ளி டோரே டெல் ஓரோ. 1220-களில், அப்போது இங்கே ஆண்ட அல்மோகத் என்ற வட ஆப்பிரிக்க முஸ்லிம் வம்சத்தார் கட்டிய பன்னிரண்டு பட்டைக் காவல் கோபுரம், இப்போது கடற்படை அருங்காட்சியகம்.

கோபுரத்துக்குப் பிறகு இரண்டு வழி. மேலே சாலையோரம் பச்சைப் பாதை, கீழே நீரை ஒட்டிய நடைத்தளம். காலை ஒன்பதுக்கு முன்னால் என்றால் கீழே போகலாம். மாலையில் அங்கே ஓடுபவர்கள், நாய்கள், குழந்தை வண்டிகள் என்று கூட்டம் நிரம்பும், சைக்கிளுக்கு முன்னுரிமையும் கிடையாது. அப்போது மேலேயே இருங்கள்.

எந்த நேரத்தில் போனாலும் தண்ணீர் அசையாமல் கிடப்பதைக் கவனிப்பீர்கள். நகரின் நடுவே தெரிவது குவாடல்கிவிர் ஆற்றின் பழைய படுகை. வடக்கே அடைத்து, தெற்கே மதகு வைத்து அதைத் துறைமுகக் குளமாக மாற்றிவிட்டார்கள். ஓடும் ஆறு, மறுகரையில் உள்ள கார்த்துஹா தீவுக்கு மேற்கே திருப்பி விடப்பட்டது. வெள்ளத்துக்கும் கடல் ஏற்ற இறக்கத்துக்கும் பயப்படாமல் கரையை இவ்வளவு தாழ்வாக, இவ்வளவு சமமாக அமைக்க முடிந்தது அதனால்தான். மகெல்லனின் ஐந்து கப்பல்கள் 1519 ஆகஸ்டில் புறப்பட்டது இந்தத் துறையிலிருந்துதான். 1522 செப்டம்பரில் உலகைச் சுற்றித் திரும்பியது ஒன்றே ஒன்று.

ட்ரியானா பாலத்தில் ஏறாமல், அதைத் தாண்டி இதே கரையில் நேரே வடக்கு. 1852-ல் இரும்பில் இந்தப் பாலம் வரும்வரை, 1171 முதல் இங்கே இருந்தது படகுகளைச் சங்கிலியால் பிணைத்த மிதவைப் பாலம். அடுத்த மூன்று கிலோமீட்டர் சுற்றிலேயே சுகமான பகுதி: இடப்பக்கம் நீர், குறுக்கிடும் சாலை குறைவு, பையன் தன் வேகத்தில் ஓட்டலாம். வழியில் கார்த்துஹா நடைபாலம் வரும். யாராவது சோர்ந்திருந்தால் அதிலேயே மறுகரைக்குப் போய்விடுங்கள், சுற்று ஒன்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்.

தெம்பிருந்தால் அலமீயோ பாலம் வரை. 1992-ல் இங்கே நடந்த எக்ஸ்போ என்ற உலகக் கண்காட்சிக்காகக் கட்டிடக்கலைஞர் சாந்தியாகோ கலத்ராவா வடிவமைத்தது. 142 மீட்டர் கோபுரம் ஒன்று பின்னால் சாய்ந்து நின்று, தன் எடையாலேயே 200 மீட்டர் தளத்தைக் கம்பிகளால் இழுத்துப் பிடித்திருக்கிறது. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் உள்ள பாதை பாலத்தின் நடுவில், கார் ஓடும் தளத்தைவிட உயரமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் கார்கள் பறப்பதால் இரைச்சல் அதிகம், ஆனால் ஆபத்தில்லை. இறங்கினால் அலமீயோ பூங்கா. நிழல், புல்வெளி என்று சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க இதைவிட நல்ல இடம் இந்தச் சுற்றில் இல்லை. இரவில் பூங்கா வாயில்களைச் சாத்திவிடுவார்கள்.

திரும்பும் வழி கார்த்துஹா தீவு. எக்ஸ்போ கூடங்களில் சில அலுவலகமாகிவிட்டன, சில பாழாய்க் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆளே இருக்காது. உண்மையைச் சொன்னால் இந்த இரண்டு கிலோமீட்டர் கொஞ்சம் சலிப்புதான். ஆரியான் என்ற ஐரோப்பிய ராக்கெட்டின் முழு அளவு மாதிரி ஒன்று நிற்கிறது, பையனுக்குப் பிடிக்கும். பெரியவர்கள் நிற்க வேண்டிய இடம் கார்த்துஹா மடாலயம். கொலம்பஸின் உடல் சில காலம் இங்கே வைக்கப்பட்டிருந்தது. 1841-ல் சார்லஸ் பிக்மன் என்ற ஆங்கிலேயர் மடாலயத்தையே பீங்கான் தொழிற்சாலையாக்கினார். புட்டி வடிவச் சூளைகள் இன்னும் நிற்கின்றன. உள்ளே இப்போது தற்காலக் கலை மையம்.

அங்கிருந்து 180 மீட்டர் டோரே செவீயா கோபுரத்தைத் தாண்டி, மேற்குக் கரையில் உள்ள ட்ரியானா பகுதிக்குள் நுழைகிறீர்கள். ட்ரியானா சந்தையின் அடியில் இன்குவிசிஷன் என்ற கத்தோலிக்க மத விசாரணை மன்றம் இயங்கிய சான் ஹோர்ஹே கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. அடுத்து வரும் பெட்டிஸ் தெருவில் பச்சைப் பாதை கிடையாது, உணவகக் கூட்டம் வேறு. சுமார் 600 மீட்டர்தான், தள்ளிக்கொண்டு நடங்கள். மாலை வெயில் எதிர்க்கரையில் விழும்போது பார்க்க வேண்டிய தெரு என்பதால்தான் சுற்றை இந்தத் திசையில் சொல்கிறேன். பிறகு சான் தெல்மோ பாலம் ஏறினால் டோரே டெல் ஓரோ.

எங்கே சறுக்குகிறார்கள்

வலப்பக்கம் ஓட்டும் நாடு. இருவழிப் பச்சைப் பாதையிலும் வலது ஓரம்தான், முந்துவது இடப்பக்கம். களைத்திருக்கும் நேரத்தில் பழக்கதோஷத்தில் இடதுக்குப் போய் எதிரே வருபவரோடு மோதுவது நம் ஊர்க்காரர்கள் செய்யும் முதல் தவறு.

பாதை இருவழியாகத் தெருவின் ஒரே பக்கத்தில் ஓடுவதால், பக்கத் தெருவிலிருந்து வரும் கார்காரர் ஒரு திசையை மட்டும் பார்த்துவிட்டு நகர்வார். உங்களுக்குப் பச்சை விளக்கு எரிந்தாலும் அவர் கண்ணைப் பார்த்த பிறகு கடந்து போங்கள்.

பல இடங்களில் பச்சைத் தரை நடைமேடை மட்டத்திலேயே இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது அழகான நடைபாதையாகத் தோன்றும். மணி எதற்கு என்று சொன்னேனே, இதற்குத்தான்.

மழை பெய்தால் வண்ணம் பூசிய தரை வழுக்கும். குளிர்காலத்தில் தெருவோர மரங்களிலிருந்து விழும் கசப்பு ஆரஞ்சு நசுங்கிக் கிடக்கும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் மெழுகுவர்த்தி ஏந்திப் போகும் ஊர்வலங்களுக்குப் பிறகு பழைய நகரத் தெருக்களில் மெழுகு உறைந்திருக்கும், அதன் மேல் டயர் கீச்சிட்டால் வளைவில் பிரேக் பிடிக்காதீர்கள்.

ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரி சாதாரணம். காலை எட்டுக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள், பெட்டிஸ் தெருவை மாலையில் நடந்து பார்த்துக்கொள்ளலாம். மற்ற மாதங்களில் சூரியன் மறைய மூன்று மணி நேரம் இருக்கும்போது கிளம்பினால் சரியாக வரும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்.

பேராலயமும் அல்காசர் அரண்மனையும் பார்க்க வேண்டுமானால் புவெர்த்தா டி ஹெரெஸ் சதுக்கத்தின் பக்கம் நிறுத்துக் கம்பி தேடிப் பூட்டிவிட்டு நடங்கள், சில நூறு மீட்டர்தான். பூட்டு சட்டகத்தையும் முன் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது சக்கரம் மட்டும்தான் இருக்கும். அங்கே நேரமாகும், அதனால் சைக்கிளைத் திருப்பித் தர வேண்டிய நேரத்தைக் கடையில் முன்பே கேட்டு வையுங்கள். மதியம் சாத்திவிட்டு மாலையில் திறக்கும் கடைகளும் உண்டு.