நள்ளிரவில் அலறும் கைப்பேசி

கேள்வி: அலுவலக சர்வர்களை ஸாபிக்ஸ் என்ற மென்பொருள் கண்காணிக்கிறது. இரவு 2 மணிக்கு பேக்கப் ஓடும்போது சிபியு எச்சரிக்கைகள் குவிகின்றன. எச்சரிக்கைகளை அடக்கிவைக்கும் தினசரி மெயின்டெனன்ஸ் நேரம் போட்டும் நிற்கவில்லையே, ஐயா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: நேர மண்டலத்தைப் பாருங்கள். தினசரி மெயின்டெனன்ஸை ஸாபிக்ஸ் தன் சர்வரின் கடிகாரப்படிதான் கணக்கிடும். அது யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால், நீங்கள் போட்ட 2 மணி நமக்குக் காலை 10! சர்வரையும் ஸாபிக்ஸின் வலைத் திரையையும் மலேசிய நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். எச்சரிக்கைக்கான நிபந்தனையை எழுதும் ட்ரிக்கரில் 'லாஸ்ட்' (கடைசி அளவு) இருந்தால் ஒரே ஒரு உச்ச அளவுக்கும் மணியடிக்கும். 'மின்' (min, மிகக் குறைந்த அளவு) போட்டு 10 நிமிடம் கொடுத்தால், அந்த 10 நிமிடமும் சிபியு பயன்பாடு 90 விழுக்காட்டைத் தாண்டினால்தான் அலறும். மெயின்டெனன்ஸில் டேக் (அடையாளக் குறி) கொடுத்து சிபியுவை மட்டும் அடக்குங்கள். டிஸ்க் எச்சரிக்கையில் கைவைக்காதீர்கள். இடம் தீர்ந்தால் பேக்கப் பாதியில் நின்றுவிடும், உங்களுக்கும் தெரியாது.