13 டீம் மாறினவன் தோத்தவன் இல்லம்மா

போன வாரம் பையன் அடுத்து என்ன படிக்கலாம்னு என்கிட்ட ஆலோசனை கேக்க அப்பா, அம்மா, பையன், கூடவே பெரியப்பான்னு நாலு பேர் வந்திருந்தாங்க. பையனுக்கு 17 வயசு, ஸ்கூல் கடைசி வருஷம், பாஸ்கெட்பால்னா உசுரு. உக்காந்த உடனே பெரியப்பா ஆரம்பிச்சுட்டாரு, பந்தைத் தட்டி யாரு பொழைச்சது, கடனை வாங்கியாவது மெடிக்கல் சீட் போட்டுடுங்க, பேங்க்ல நானே பேசறேன்னு. அம்மா மட்டும் மெதுவா கேட்டாங்க: "சார், நெட்ல பாத்தேன், இந்த ப்ளேயருங்கள்ல பாதிப் பேர் வருஷத்துக்கு ஒரு ஊரு ஒரு டீம்னு அலையறாங்களே, எங்கயும் நிலைக்க முடியாத பொழப்பா இது?"

ரெண்டு நிமிஷம் ஆறுதலாத்தான் பேசினேன், ஆனா ஆறுதல் இவங்களுக்கு உதவாது. பயாலஜி புக்கைத் திறந்தாலே பிடிக்கலைன்னு அவனே என் முன்னாடி சொல்றான், அப்படி இருக்க அந்தப் படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்கறது தப்பு, இதுல நான் ஒரு இன்ச் கூட இறங்கி வரமாட்டேன். கடனைக் கட்டப்போறது பெரியப்பா இல்ல, பிடிக்காத வேலையில முப்பது வருஷம் நிக்கப்போறதும் அவர் இல்ல.

அதுக்காக என்.பி.ஏ., அதாவது அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக், அந்தக் கனவையும் நான் ஊதிப் பெருசாக்கப் போறதில்ல. 30 டீம், டீமுக்கு 15 பேர், டூ-வே கான்ட்ராக்ட்ல (என்.பி.ஏ.வுக்கும் அதுக்குக் கீழ இருக்கற லீகுக்கும் மாறி மாறி ஆடுறவங்க) இன்னும் 3 பேர், மொத்த உலகத்துக்கும் 540 இடம்தான். அதை நம்பி யாரும் பிளான் போட முடியாது.

ஆனா அதுக்கு வெளியில நாடு நாடா க்ளப், லீக்னு சம்பளத்துக்கு ஆடுற ஒரு பெரிய உலகம் இருக்கு, அதைப் பத்தி வீட்ல யாரும் பேசறதே இல்ல. பி.ஜே. டக்கர்னு ஒரு அமெரிக்க ப்ளேயரை எடுத்துக்கோங்க. 2006 டிராஃப்ட்ல, அதாவது என்.பி.ஏ. டீமுங்க வரிசையா புது ஆளுங்களைத் தேர்ந்தெடுக்கறதுல, 35-வது ஆளா டொராண்டோ டீம் எடுத்துச்சு, 17 மேட்ச் ஆடினாரு, அடுத்த வருஷமே அனுப்பிட்டாங்க. அதோட முடிஞ்சுதுன்னுதான் சொந்தக்காரங்க சொல்லியிருப்பாங்க. அவர் இஸ்ரேல் போனாரு, ஹோலோன் டீமோட 2008-ல லீக் ஜெயிச்சாரு, அப்புறம் உக்ரைன், கிரீஸ், இத்தாலி, பியூர்டோ ரிக்கோன்னு சுத்தி ஜெர்மனியில பாம்பெர்க் டீமோட 2012 சாம்பியன். அந்த வருஷம்தான் ஃபீனிக்ஸ் டீம் அவரைத் திரும்ப என்.பி.ஏ.வுக்குக் கூப்பிட்டுச்சு, 2021-ல மில்வாக்கி டீமோட என்.பி.ஏ. சாம்பியன். நடுவுல போன அஞ்சு வருஷம் வீண் இல்லம்மா, ஸ்கோர் பண்ற ஆளா இருந்தவர் எதிராளியோட பெரிய ஸ்டாரை மறிக்கறதும் கார்னர்ல நின்னு த்ரீ (தூரத்துல இருந்து போடற மூணு பாயிண்ட் ஷாட்) போடறதும்தான் தன் வேலைன்னு மாத்திக்கிட்டதே அந்த அலைச்சலுக்கு அப்புறம்தான். இஷ் ஸ்மித்னு இன்னொருத்தர், 6 அடிதான், டிராஃப்ட்ல யாருமே எடுக்கல, ஆனா என்.பி.ஏ.விலயே 13 டீமுக்கு ஆடினாரு, அது ரெக்கார்டு, 13-வது டீமான டென்வரோட 2023-ல கோப்பையும் தூக்கினாரு. ஒருத்தனை 13 டீம் கூப்பிடுதுன்னா 13 தடவை அவன் வேலை தேவைப்பட்டிருக்குன்னுதானே அர்த்தம்?

இந்தப் பொழப்புக்கு வேண்டியது ஹைட் மட்டும் இல்ல. சீசன் நடுவுல புது டீமுக்கு வந்து இறங்கி, ரெண்டு நாள்ல அவங்க ப்ளே எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி, யாரு எங்க பந்தைக் கேப்பான்னு தெரிஞ்சு ஆடணும். பையன் பையில ஒரு நோட்டு வச்சிருந்தான், வாங்கிப் பாத்தேன். எதிர் டீம் ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம், "நம்பர் 7 இடது பக்கம் தள்ளினா பந்தை நிறுத்திடுவான்", "நம்பர் 11 ரீபவுண்டுக்கு உள்ள வராம ஓட ஆரம்பிச்சுடுவான்"னு (ரீபவுண்டுன்னா கூடையில விழாம திரும்பற பந்தைப் பிடிக்கறது) பென்சில்ல எழுதி வச்சிருக்கான். யாரும் சொல்லிக் குடுக்கல. எனக்கு அவன் மார்க் ஷீட்டை விட அந்த நோட்டுதான் பேசுச்சு.

இப்ப காசு விஷயம், இதுல கண்டிப்பா இருங்க. ஃபிபா (FIBA), அதாவது உலக பாஸ்கெட்பால் அமைப்பு, அதோட ரூல்படி சில விதிவிலக்கைத் தவிர 18 வயசுக்கு முன்னாடி ஒரு ப்ளேயர் நாடு விட்டு நாடு டிரான்ஸ்ஃபர் ஆக முடியாது, அதனால 17 வயசுப் பையனுக்கு வெளிநாட்டு க்ளப் ரெடின்னு பணம் கேக்கறவன்கிட்ட ஒரு பைசா குடுக்காதீங்க. ஏஜெண்ட்னு வந்தா ஃபிபா லைசென்ஸ் இருக்கான்னு பாருங்க, முன்பணம் கேட்டா எந்திரிச்சு வந்துடுங்க, கான்ட்ராக்ட் ஆனப்புறம்தான் அவனுக்குக் கமிஷன். கான்ட்ராக்ட்ல சம்பளம் டாக்ஸ் போக எவ்வளவு, வீடு யாரு தர்றா, டிக்கெட் யாரு போடறா, அடிபட்டா சம்பளம் வருமான்னு வரி வரியாப் படிக்கணும். சில க்ளப் மாசக்கணக்கா சம்பளம் தராது, அது உண்மை. அதுக்குன்னே 2007-ல இருந்து ஜெனீவாவுல பி.ஏ.டி.ன்னு ஒரு நடுவர் மன்றம் இருக்கு, ஒரே நடுவர், பெரும்பாலும் பேப்பரை வச்சே தீர்ப்பு. தீர்ப்புப்படி க்ளப் பணம் தரலைன்னா புது ப்ளேயர் யாரையும் சேர்க்க முடியாதபடி ஃபிபா தடை போடலாம். ஆனா தகராறு வந்தா பி.ஏ.டி.க்குப் போகலாம்னு கான்ட்ராக்ட்லயே ஒரு வரி இருக்கணும், அந்த வரி இல்லாம கையெழுத்து வேணாம்.

டிகிரியை விடச் சொல்லல. காலையில ஒரு ப்ராக்டிஸ், சாயங்காலம் ஒண்ணு, நடுவுல நேரம் கிடக்கும், தொலைதூரக் கல்வியில செலவும் கம்மி. முட்டி போச்சுன்னா, 35 தாண்டிச்சுன்னா அது வேணும், கோச்சிங்கோ, டீமுக்கு ஆள் தேடற ஸ்கவுட்டிங்கோ போறதுக்கும் வேணும்.

பையன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், மொழி தெரியாத ஊர்ல எட்டு மாசம் தனியா, பெஞ்ச்ல உக்காந்து, தோத்துட்டு ரூமுக்கு வந்து நீயே சமைச்சுத் தின்னுட்டு மறுநாள் போவியான்னு. உடனே பதில் சொல்லல, யோசிச்சான், அதுவே எனக்குப் பிடிச்சுது. அதனால அம்மா, லீவுல ஒரு ரெண்டு மாசம் எங்கயாவது கேம்ப் ஹாஸ்டல்ல தனியா இருக்க விடுங்க, தினம் போன் பண்ணாதீங்க, துணியை அவனே தொவைக்கட்டும். திரும்பி வந்தப்புறம் அவன்கிட்ட மட்டும் கேளுங்க, பெரியப்பா பக்கத்துல இருக்க வேணாம். வேணாம்னு சொன்னா அதோட விட்டுடுங்க, நானும் வற்புறுத்த மாட்டேன். போறேன்னு சொன்னா அந்த நோட்டை எடுத்துக்கிட்டு என்கிட்ட வாங்க.