ஊசி போட்டால் தோள் வலி போய்விடுமா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை, வயது 49. இரண்டு மாதமாக வலது தோளில் வலி. போர்டில் எழுத முடியவில்லை, தலை வார முடியவில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் கலைந்துவிடுகிறது. ஸ்கேனில் தசைநார் அழற்சி, கிழிசல் இல்லை என்று வந்திருக்கிறது. டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, அதனால் பயம். இப்போது கழுத்தில் துணி கட்டி, கையை அசைக்காமல் வைத்திருக்கிறேன். ஆபரேஷன் வரை போகுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஊசியைவிட அந்தத் துணிதான் எனக்குக் கவலை தருகிறது. முதலில் அதை அவிழ்த்துவிடுங்கள். சர்க்கரை இருப்பவர்கள் தோளை அசைக்காமலே வைத்திருந்தால், மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகி 'ஃப்ரோசன் ஷோல்டர்' ஆகிவிடும் வாய்ப்பு அதிகம். அது வந்தால் மாதக்கணக்கில் படுத்தும்.

கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி வழியில் சுருக்கென்று வலித்து, அதைத் தாண்டினால் குறைகிறதா? தோள் எலும்புக்கு அடியில் அந்தத் தசைநார் உரசுகிற இடம் அதுதான். ஆகவே தோளுக்கு மேலே கை போகும் வேலையை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். போர்டில் கீழ்ப்பாதியில் எழுதுங்கள். பரணில் இருப்பதை வேறு யாராவது எடுத்துத் தரட்டும். மல்லாந்து படுத்து, முழங்கைக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பயிற்சி. உண்மையான வைத்தியம் இதுதான். மேஜையில் இடது கையை ஊன்றிக் குனியுங்கள். வலது கையைக் கிணற்று வாளி போலத் தொங்கவிட்டு, மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பிறகு சுவரைப் பார்த்து நின்று, விரல்களாலேயே சுவரில் ஏறுங்கள். எட்டின இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவையுங்கள். வலி தணிந்ததும் ரப்பர் பட்டை வைத்துத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் அந்த வலி இருந்தால் அளவைக் குறையுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் விடாமல் செய்யவேண்டும். இரண்டே வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

வலியால் பயிற்சியே செய்ய முடியவில்லையா? அப்போது ஊசி உதவும். சில வாரம் வலி குறையும், அந்த நேரத்தில் பயிற்சியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட சில நாள் சர்க்கரை ஏறும். வீட்டிலேயே அடிக்கடி பார்த்து, ஏறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். திரும்பத் திரும்பப் போட்டால் தசைநார் பலவீனமாகலாம். வலி மாத்திரையையும் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

ஆபரேஷன் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். பிரிட்டனில் நடந்து, 2018-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இதே மாதிரி தோள் வலிக்கு எலும்பைச் செதுக்கி ஆபரேஷன் செய்துகொண்ட நோயாளிகளுக்கும், செதுக்காமல் கருவியை உள்ளே விட்டுப் பார்த்ததோடு நிறுத்தப்பட்ட நோயாளிகளுக்கும் வலி குறைந்ததில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

ஆனால் கீழே விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியாமல் போனாலோ, காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்கினாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் அது தோள் சமாசாரமாக இல்லாமல் இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.