பொள்ளாச்சி கார்டு, பாலக்காட்டு வீடு: புரோக்கருக்கு 4000 கொடுக்கலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் வடகரப்பதி பஞ்சாயத்தில் குடியிருக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது, அப்பா இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் தனியாக இருந்தவர், பக்கவாதம் வந்து படுத்துவிட்டதால் எட்டு மாதமாக எங்களோடு இருக்கிறார். ஆதார், ரேஷன் கார்டு, 1200 ரூபாய் முதியோர் பென்ஷன் எல்லாம் அங்கேதான். இங்கே என்ன உதவி கிடைக்கும், யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை. 4000 ரூபாய் கொடுத்தால் கேரள ரேஷன் கார்டும் பென்ஷனும் வாங்கித் தருகிறேன், அந்தப் பென்ஷனும் நிற்காது என்கிறார் ஒருவர். எங்களுக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். "அந்தப் பென்ஷனும் நிற்காது" என்று அவர் சொன்னாரே, அதற்காகவே கொடுக்காதீர்கள். இரண்டு மாநிலப் பென்ஷனும் ஒரே ஆதார் எண்ணில்தான் நிற்கும். இன்றைக்குப் பிடிபடாவிட்டால் அடுத்த சரிபார்ப்பில் பிடிபடும். அப்போது வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் அம்மா பெயருக்கு வரும், புரோக்கர் பெயருக்கு வராது. 2024 நவம்பரில் கேரளத்தில் அரசு ஊழியர்கள் 1458 பேர் இந்த நலப் பென்ஷனை வாங்கிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. 18 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்டச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எல்லாச் சரிபார்ப்பும் இறுகிவிட்டது. மாதச் சம்பளக்காரர்கள் செய்த வேலைக்குப் படுக்கையில் கிடக்கும் கிழவிகள் கட்டுக் கட்டாகக் காகிதம் காட்ட வேண்டியிருக்கிறது. இருக்கும் நிலைமை அதுதான்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். கேரளப் பென்ஷன் 2025 நவம்பர் முதல் மாதம் 2000. இப்போது வருவது 1200. வித்தியாசம் 800. புரோக்கர் கேட்பது அந்த வித்தியாசத்தில் ஐந்து மாதம்.

நீங்கள் பென்ஷனில் ஆரம்பிக்கிறீர்கள். அது கடைசியில் பார்க்க வேண்டியது. அம்மாவுக்கு இன்றைக்கே கிடைக்கக்கூடியது பாலியேட்டிவ் நர்ஸ், அதாவது படுத்துவிட்ட நோயாளிகளை வீட்டுக்கே வந்து கவனிப்பவர். அதற்குக் கேரள ஆதார் வேண்டாம், ரேஷன் கார்டு வேண்டாம், ஓட்டு இங்கே இருக்க வேண்டியதில்லை. பாலியேட்டிவ் என்றால் புற்றுநோய்க்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டு கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். பக்கவாதத்தில் படுத்தவர்களும் அதில்தான் வருவார்கள். கேரளம் 2008லேயே இதைக் கொள்கையாக அறிவித்தது. பஞ்சாயத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் (இப்போது பல இடங்களில் குடும்பாரோக்ய கேந்திரம் என்று பலகை இருக்கும்) இதற்கென்று ஒரு நர்ஸ் இருப்பார். வார்டு சுகாதாரப் பணியாளரான ஆஷாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வருவார். மூத்திரக் குழாய் மாற்றுவது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுவது, மூக்குக் குழாயைப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை.

பதிவு செய்ய, உங்கள் வார்டு ஆஷாவைப் பிடியுங்கள். யாரென்று தெரியாவிட்டால் அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டால் அப்போதே சொல்லிவிடுவார். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டின் நகல், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, உங்கள் போன் நம்பர், வீட்டுக்கு வழி, இவ்வளவு போதும். பெரும்பாலும் சிக்கல் எங்கே வருகிறதென்றால், நர்ஸ் ஒருவர், வீடுகள் நிறைய. முதல் தடவை வந்து பார்த்துவிட்டுப் போய், அடுத்த முறை தள்ளிக்கொண்டே போகும். ஆகவே அவர் எழுந்து போவதற்குள் அடுத்து வரும் தேதியைக் குறிப்பேட்டில் எழுதி வாங்குங்கள். குழாய் போட்டிருந்தால் மாற்ற வேண்டிய தேதியையும் எழுதச் சொல்லுங்கள். மூத்திரப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், கட்டிலின் மேல் கிடக்கக் கூடாது. பை மேலே ஏறினால் மூத்திரம் திரும்பி உள்ளே போகும், காய்ச்சல் அங்கிருந்துதான் கிளம்பும். புட்டத்திலோ குதிகாலிலோ தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையாமல் நின்றால், தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே போன் செய்யுங்கள்.

இதே ஆஷாவிடம் 'வாதில்படி சேவனம்' பட்டியலில் அம்மா பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். வெளியே போக முடியாதவர்களுக்கு மருந்து, விண்ணப்பம், மஸ்டரிங் (பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருப்பதைச் சரிபார்ப்பது) போன்றவற்றை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் திட்டம், 2021இல் தொடங்கியது. ஏட்டில் அழகான திட்டம். நடப்பில் வார்டு கமிட்டி சுறுசுறுப்பாக இருக்கும் இடத்தில் மட்டும் நடக்கிறது. படுத்தவரைக் கவனிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் தரும் ஆஸ்வாசகிரணமும் உண்டு. ஆனால் புது விண்ணப்பம் எடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் படிவம் நிரப்புங்கள். அதற்குச் சான்றிதழ் தேடி முதலில் அலையாதீர்கள். முதியோருக்கான நடமாடும் மருத்துவ வண்டி, வயோமித்ரம், பற்றி யாராவது சொல்வார்கள். அது நகராட்சிகளை வைத்து ஓடுவது, உங்களுக்கு எட்டாது.

கட்டில், சக்கர நாற்காலி போன்றவை பஞ்சாயத்தின் ஆண்டுத் திட்டத்தில் வரும். அந்தப் பயனாளிப் பட்டியல் கிராம சபையில் போகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கிராம சபை கூடியாக வேண்டும் என்பது கேரளப் பஞ்சாயத்துச் சட்டம். கூட்டத்தன்று படிவத்தைக் கொடுத்து வரிசை எண் வாங்காதவர்கள்தான் பின்னால் "மெம்பர் வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டார்" என்று பேசுகிறார்கள். 2025 டிசம்பர் தேர்தலுக்கு முன் வார்டு எல்லைகளைத் திருத்தியதால் உங்கள் வார்டு எண்ணும் வீட்டு எண்ணும் மாறியிருக்கலாம். பழைய எண்ணைப் போட்டு எதையும் எழுதாதீர்கள்.

அடுத்து ரேஷன். தமிழ்நாட்டுக் கார்டை வைத்துக் கேரளக் கடையில் அரிசி வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம், கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்றோ ஏ.ஏ.ஒய். (மிக வறியவர்களுக்கான அந்தியோதயா) என்றோ அச்சிட்டிருந்தால். முன்னுரிமை இல்லாத என்.பி.எச்.எச். கார்டுக்கு மாநிலம் தாண்டி ஒன்றும் கிடையாது. அப்படியே முன்னுரிமைக் கார்டாக இருந்தாலும், அந்தக் கார்டில் பெயர் உள்ள ஒருவர் கடை மெஷினில் விரல் வைக்க வேண்டும். அம்மா கார்டில் அம்மா மட்டும்தான், அவரோ படுக்கையில். ஆகவே இந்த வழி உங்களுக்கு உதவாது.

அப்படியானால் கார்டை இங்கே மாற்றிவிடலாமா? இதில்தான் நிதானம் வேண்டும். புரோக்கர் இதைச் சொல்லவே மாட்டார். தமிழ்நாட்டில் 5 லட்சம் ரூபாய் வரையான முதலமைச்சர் காப்பீடு ரேஷன் கார்டை வைத்துத்தான் நிற்கிறது. அம்மாவுக்கு அந்தக் காப்பீடு இருந்து, வைத்தியமும் பொள்ளாச்சியிலோ கோவையிலோ நடந்தால், கார்டிலிருந்து பெயரை நீக்கிய அன்றே அந்தக் காப்பீட்டின் அடி ஆடிவிடும். பதிலுக்குக் கேரளத்தின் காருண்யா காப்பீட்டில் உடனே சேர்ந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நினைத்த நேரத்தில் புதுக் குடும்பத்தைச் சேர்க்கும் திட்டம் இல்லை அது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்து, அந்தக் காப்பீடு இல்லாதவர்களுக்குக் காருண்யா நிதி என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது ஒரு தடவைதான். 70 வயதானவர்களுக்கான மத்திய அரசு அட்டைக்கும் அம்மாவுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. இன்னொன்று, உங்கள் கேரளக் கார்டு என்ன நிறம்? மஞ்சளோ பிங்க்கோ என்றால் அம்மாவைச் சேர்த்ததும் அவருக்கும் முன்னுரிமை வரும். நீலமோ வெள்ளையோ என்றால், அங்கே முன்னுரிமைக் கார்டோடு இருந்தவர் இங்கே அந்தச் சலுகையை இழப்பார். மாதம் 800 ரூபாயைப் பார்த்து 5 லட்சத்தைக் கைவிட்டவர்கள் எல்லையோரத்தில் கொஞ்ச நஞ்சமில்லை.

அதனால் முதலில் முடிவு செய்யுங்கள். உடம்பு தேறினால் அம்மா ஊருக்குத் திரும்புவாரா? திரும்புவார் என்றால் நர்ஸ் பதிவோடு நில்லுங்கள். ஆதாரையும் கார்டையும் தொடாதீர்கள். சிகிச்சைக்காக மகன் வீட்டில் இருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சரிபார்க்க வருபவர் "ஆள் ஊரில் இல்லை" என்று எழுதிவிட்டால் பென்ஷன் சொல்லாமல் நின்றுவிடும்.

இனி இங்கேதான் என்றால், முதல் வேலை ஆதார் முகவரி. அம்மா பெயரில் இங்கே வீட்டு வரியும் இல்லை, கரண்ட் பில்லும் இல்லை என்று சொல்லித்தான் புரோக்கர்கள் 'ஏற்பாடு' செய்து தருகிறேன் என்கிறார்கள். ஏற்பாடே தேவையில்லை. 'குடும்பத் தலைவர் வழி' என்று முகவரி மாற்ற ஒரு முறை இருக்கிறது. உங்கள் ஆதாரில் உள்ள முகவரியை அம்மாவுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இருவர் பெயரும் உறவும் உள்ள ஒரு ஆவணம் போதும். அதுவும் இல்லாவிட்டால் நீங்கள் தரும் உறுதிமொழியே செல்லும். கட்டணம் 75 ரூபாய். விண்ணப்பித்த 30 நாளுக்குள் உங்கள் போனுக்கு ஓ.டி.பி. வாங்கி நீங்கள் சம்மதம் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் ரத்தாகிவிடும், 75 ரூபாய் திரும்பாது. அம்மாவின் ஆதாரோடு இணைந்த போன் நம்பர் பழைய நம்பராக இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

பிறகு தமிழ்நாட்டு வட்ட வழங்கல் அலுவலகத்தில் பெயர் நீக்கச் சான்று. அதை வைத்துச் சித்தூர் தாலுக் சப்ளை ஆபீசில் உங்கள் கார்டில் சேர்ப்பு, விண்ணப்பம் அக்ஷயா (கேரள அரசின் இ-சேவை மையம்) மூலம் போகும். வருமானச் சான்று வில்லேஜ் ஆபீஸ் தருவது, அதற்கும் அக்ஷயாவில்தான் மனு. பென்ஷனுக்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1 லட்சம். யாருடைய வருமானமெல்லாம் கணக்கில் வரும் என்பதை வில்லேஜ் ஆபீசரிடமே கேட்டுவிட்டுப் பிறகு டைப் அடிக்கச் சொல்லுங்கள். அக்ஷயாவில் அவசரத்துக்கு வீட்டில் உள்ள எல்லோருடைய சம்பளத்தையும் கூட்டி அடித்துவிட்டால் அந்த எண் சான்றில் ஏறிவிடும், இறக்குவதற்குள் தலை நரைத்துவிடும். கட்டணப் பட்டியல் அக்ஷயா சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். அதைப் பார்த்துக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

பென்ஷன் விண்ணப்பம் பஞ்சாயத்துச் செயலாளருக்கு. முதியோர் பென்ஷன், விதவைப் பென்ஷன் இரண்டில் ஒன்றுதான். கேரளத்தில் எத்தனை வருடம் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும் என்பது பென்ஷனுக்குப் பென்ஷன் வேறு. எட்டு மாதம் என்பதை மறைக்காமல் சொல்லி, அம்மாவுக்கு எது பொருந்தும், எப்போது பொருந்தும் என்று பஞ்சாயத்தின் முகப்புக் கவுண்டரில் கேளுங்கள். இப்போது பொருந்தாது என்று தெரிந்தால் அங்கத்திப் பென்ஷனை நிறுத்தச் சொல்லி எழுதும் அவசரம் வேண்டாம். பொருந்தும் நாளில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு நிறுத்தக் கடிதம் கொடுத்து, சீல் வைத்த நகல் வாங்கி, அதையும் சேர்த்து இங்கே கொடுங்கள். வேறு பென்ஷன் இல்லை என்று கையெழுத்துப் போடும் இடத்தில் அந்த நகல்தான் உங்களைக் காப்பாற்றும்.

பென்ஷன் வந்த பிறகும் வருடா வருடம் மஸ்டரிங் உண்டு. அக்ஷயாவில் 30 ரூபாய், படுத்தவர்களுக்கு வீட்டுக்கு வந்து செய்தால் 50. விரல் ரேகை விழாவிட்டால் கண் பார்க்கும் கருவி இருக்கிறது. அதுவும் விழாவிட்டால் உயிர்வாழ் சான்றைப் பஞ்சாயத்தில் கொடுக்கலாம். "ரேகை விழவில்லை, பென்ஷன் போச்சு" என்று பயமுறுத்திப் பணம் பிடுங்கும் கூட்டம் தனியாக இருக்கிறது. கூட்டுறவு சொசைட்டி ஏஜென்ட் பென்ஷன் பணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தால் முழுத் தொகையையும் எண்ணி வாங்குங்கள். அவருக்கான படியை அரசு தனியாகத் தருகிறது. சாயாவுக்கு நூறு எடுத்துக்கொள்கிறேன் என்பதெல்லாம் கிடையாது.

மலையாளம் எழுத வராதது ஒரு குறையே இல்லை. வடகரப்பதி மொழிச் சிறுபான்மைப் பகுதி. 1969ஆம் வருட கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி அப்படிப்பட்ட பகுதியில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். கவுண்டரில் இருப்பவருக்கே இது தெரியாமல் "மலையாளத்தில் எழுதிக் கொண்டு வா" என்பார், வாசலில் எழுதிக் கொடுக்க ஒருவர் காத்திருப்பார். சண்டை போடாமல் தமிழ் மனுவை நீட்டி ரசீது கேளுங்கள். வாங்க மறுத்தால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் செயலாளருக்கு அனுப்புங்கள். பதிலே இல்லை என்றால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் 'என் மனு இப்போது யார் மேஜையில் இருக்கிறது' என்று ஒரே கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். வக்கீல் தேவைப்பட்டால் 15100. பெண் என்பதால் அம்மாவுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு.

முதியோர் உதவிக்கு 14567, கேரளச் சுகாதாரத் தகவலுக்கு 1056. எல்லையோரத்தில் வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் நின்று கூப்பிட்டால் போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. எடுத்தவர் சென்னையில் இருந்தால் உங்கள் புகார் அங்கேயே சுற்றும். பேச ஆரம்பிக்கும்போதே "பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்" என்று சொல்லிவிட்டு, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு வையுங்கள்.