லிங்கனுக்கு வந்த தபால் - கடிதம்

வணக்கம் சார்,

அமெரிக்க பிரசிடென்ட் ஆபிரகாம் லிங்கனோட கடிதங்க, காகிதங்க தொகுப்பு, அதான் லிங்கன் பேப்பர்ஸ், ஆன்லைன்ல ஃப்ரீயா இருக்குன்னு எழுதியிருந்தீங்க, போய் பாத்தேன். முக்கால்வாசி அவருக்கு மத்தவங்க எழுதினதுதான், அவர் எழுதினது கம்மி. இத எதுக்கு படிக்கணும்? அவர் மகன் அத்தனை வருஷம் பூட்டி வெச்சதும் சரியா?

அன்புள்ள நண்பருக்கு,

மகன் விஷயத்த முதல்ல சொல்லிடறேன். ராபர்ட் 1919லயே பெட்டிகள லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல (அமெரிக்க நாடாளுமன்ற நூலகம்) ஒப்படைச்சுட்டார், தான் இறந்து 21 வருஷம் கழிச்சு திறக்கணும்னு கண்டிஷன், அதனால 1947 ஜூலை 26தான் திறந்தாங்க. லெட்டர்ல அடிபடற ஆளுங்களோட பிள்ளைங்க உயிரோட இருக்காங்கன்னு அவர் சொன்ன காரணம் எனக்கு நியாயமாத்தான் படுது.

ஆனா வந்த தபால வேண்டாம்னு ஒதுக்காதீங்க, உயிர் அங்கதான் இருக்கு. உள்நாட்டுப் போர் நடந்துட்டிருக்கு, 1864 ஆகஸ்ட் 23 லிங்கன் ஒரு சீட்டு எழுதறார், வர்ற தேர்தல்ல நாம திரும்ப ஜெயிக்கறது சந்தேகம், அப்படி தோத்தா புது பிரசிடென்ட் பதவி ஏத்துக்கறதுக்குள்ள அவரோட சேந்து நாட்ட காப்பாத்தணும்னு, அத மடிச்சு மந்திரிங்ககிட்ட குடுத்து உள்ள என்னன்னு காட்டாமலே கையெழுத்து வாங்கறார். இத மட்டும் படிச்சா ஏதோ மனசு ஒடிஞ்சு எழுதினாப்ல இருக்கும். ஆனா முந்தின நாள் தேதி போட்டு கட்சித் தலைவர் ஹென்றி ரேமண்ட் எழுதின லெட்டரையும் பக்கத்துல வெச்சு பாருங்க, காத்து நமக்கு எதிரா அடிக்குது, லிங்கனோட சொந்த மாநிலம் இல்லினாய்ஸே கை விட்டுப் போகும்னு சொந்தக் கட்சிக்காரரே எழுதறார், அப்பதான் எவ்ளோ நெருக்கடியில அந்த மனுஷன் நிதானமா யோசிச்சார்னு புரியுது.

இன்னொன்னு, இது நீங்க பாத்த கலெக்ஷன்ல இல்ல, நேஷனல் ஆர்கைவ்ஸ்ல ராணுவ ரெக்கார்டுங்களோட இருக்கு. 1863 ஜூலை 31, பஃபலோவுலேர்ந்து ஹன்னா ஜான்சன்னு ஒரு கறுப்பினத் தாய் எழுதறாங்க. அவங்க அப்பா லூசியானாவுலேர்ந்து தப்பிச்சு வந்த அடிமை, மகன் கறுப்பின சிப்பாய்ங்களோட 54வது மாசசூசெட்ஸ் படையில. பிடிபட்ட கறுப்பு சிப்பாய்ங்கள எதிரியான தெற்கு மாநிலத்துக்காரங்க அடிமையா வித்துடக்கூடாது, நீங்கதான் தடுக்கணும்னு கேக்கறாங்க. அப்படி வித்தா பதிலடி உண்டுன்னு லிங்கன் முந்தின நாளே உத்தரவு போட்டுட்டார், அது தெரியாமலே எழுதறாங்க பாருங்க. அடிமை விடுதலை அறிவிப்ப நீங்க வாபஸ் வாங்கிடுவீங்கன்னு சிலர் சொல்றாங்க, வாங்காதீங்கன்னு ஒரு பிரசிடென்டுக்கு நேரா சொல்றாங்க. எனக்கு லிங்கனோட பல பிரசங்கத்த விட இந்த லெட்டர் பெருசு.

1864 ஆகஸ்ட்லேர்ந்து ஆரம்பிங்க. கையெழுத்து புரியலன்னா பல லெட்டருக்கு டைப் பண்ணின காப்பியும் கூடவே இருக்கு.