லெசோத்தோவின் செலவும் எஸ்வாட்டினியின் செலவும்

கேள்வி: உலக வங்கித் தரவில் ஆப்பிரிக்க நாடுகளான லெசோத்தோ, எஸ்வாட்டினி இரண்டையும் ஒப்பிட்டேன். லெசோத்தோவில் வீடுகளும் அரசும் சேர்ந்து செய்யும் நுகர்வுச் செலவு பல ஆண்டுகளில் ஜிடிபியையே (மொத்த உள்நாட்டு உற்பத்தி) தாண்டுகிறது. தரவில் பிழையா?

பதில்: பிழை இல்லை. ஜிடிபி என்பது நாட்டு எல்லைக்குள் நடந்த உற்பத்தி. அங்கே வாழ்பவர்கள் கையில் இருக்கும் பணம் வேறு கணக்கு. வீட்டு நுகர்வு 85, அரசு நுகர்வு 35, முதலீடு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 150. ஏற்றுமதியைவிட இறக்குமதி 50 கூடுதல் என்றால், அந்த அளவு வெளிநாட்டு உற்பத்தி என்பதால் கழித்துவிட வேண்டும், ஜிடிபி 100தான். (இவை விளக்கத்துக்கான எண்கள்.)

அந்த 50க்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் லெசோத்தோவின் கதை. அதன் நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா. அங்குள்ள சுரங்கங்களில் பல தலைமுறையாக லெசோத்தோ ஆண்கள் உழைத்துவருகிறார்கள். அந்தக் கூலி லெசோத்தோவின் ஜிடிபியில் சேராது. ஆனால் அது வாங்கித் தரும் மக்காச்சோள மாவும் பள்ளிச் சீருடையும் நுகர்வில் சேரும். தெற்கு ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து சுங்க வரி வசூலிக்கும் சுங்க ஒன்றியத்தின் (SACU) பொது வருவாயில் கிடைக்கும் பங்கு அரசின் செலவைத் தாங்குகிறது. ஆகவே ஜிடிபியோடு மட்டும் நிற்காமல், மொத்தத் தேசிய வருமானத்தையும் (நாட்டில் வாழ்பவர்கள் வெளிநாட்டில் ஈட்டியதும் சேர்ந்தது) பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எஸ்வாட்டினியும் அதே ஒன்றியத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே சர்க்கரையும், மட்சாபா நகரில் தயாராகும் குளிர்பான மூலச்சாறும் பெரிய ஏற்றுமதிகள். அதனால் வணிகப் பற்றாக்குறை லெசோத்தோ அளவுக்குப் போவதில்லை. ஜிடிபியில் நுகர்வின் பங்கும் குறைவாகத் தெரிகிறது. இதை வைத்து ‘எஸ்வாட்டினி மக்கள் சிக்கனமானவர்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த விகிதம் சேமிப்புப் பழக்கத்தைக் காட்டுவதே இல்லை.

கேள்வி: லெசோத்தோவின் நாணயமான லோட்டி, எஸ்வாட்டினியின் நாணயமான லிலாங்கெனி இரண்டும் தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சமம். அப்படியே ஒப்பிடலாமா?

பதில்: நாணய மாற்றுத் தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் விலைவாசி ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வாழ்க்கைத்தரத்தை ஒப்பிட, வாங்கும் சக்தி அடிப்படையிலான (இரு நாட்டு விலை வேறுபாட்டைச் சரிசெய்த) தனிநபர் நுகர்வை எடுங்கள். வளர்ச்சியைப் பார்க்க, நிலையான விலைத் தொடரை (ஒரே அடிப்படை ஆண்டின் விலையில் எல்லா ஆண்டுகளையும் கணக்கிட்டது) எடுத்து ஆண்டு சதவீத மாற்றத்தை மட்டும் ஒப்பிடுங்கள். இரு நாடுகளின் அடிப்படை ஆண்டு வேறாக இருந்தால் தொகைகளை நேராகப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அந்தந்த ஆண்டு விலையிலேயே கணக்கிடும் நடப்பு விலைத் தொடர் விகிதங்களுக்கு மட்டுமே உதவும்.

பலர் வழுக்குவது அரசு நுகர்வில். லெசோத்தோ 2004இலும் எஸ்வாட்டினி 2005இலும் தொடங்கிய முதியோர் உதவித்தொகை அரசு நுகர்வு அல்ல, அது அரசு எதையும் வாங்காமல் மக்கள் கையில் நேரே கொடுக்கும் பணம். முதியவர் அதை வைத்து எண்ணெய் வாங்கும்போது வீட்டு நுகர்வில் பதிவாகும். அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் அரசு நுகர்வு. இப்படி ஒரே வகை உதவி, ரொக்கமா சேவையா என்பதைப் பொறுத்து இரண்டு இடங்களில் போய் உட்காரும். எனவே முதலில் வீட்டு நுகர்வையும் அரசு நுகர்வையும் கூட்டி ஒப்பிடுங்கள், பிறகு பிரியுங்கள்.

லெசோத்தோ தலைநகர் மசேருவில் வாழும் குடும்பம் எல்லை தாண்டி தென்னாப்பிரிக்க ஊரான லேடிபிராண்டில் வாங்குவதும் லெசோத்தோவின் வீட்டு நுகர்வுதான். கணக்கெடுப்பில் எளிதில் விடுபடுவதும் அதுதான்.

பழைய கோப்புகளில் எஸ்வாட்டினியைத் தேடினால் கிடைக்காது. 2018 ஏப்ரல் வரை அதன் பெயர் ஸ்வாசிலாந்து.