பரணிலிருந்து இறங்கியவை: வாசகர் கேள்வி – பதில்

பாட்டி, தாத்தா வைத்துவிட்டுப் போன பாத்திரம், நோட்டு, பழக்கம் ஆகியவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: பாட்டியின் சமையல் நோட்டில் மாவடு ஊறுகாய்க்கு "வடு 4 படி, கல்லுப்பு அரைப் படி, மிளகாய் 5 பலம், கடுகு வீசம் படி" என்று இருக்கிறது. ஓரத்தில் "ரூ. 2-6-9" என்று செலவு வேறு. இன்றைய கணக்கில் எவ்வளவு? – வாசகி, கும்பகோணம்

முதலில் முகத்தல் அளவு. 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி. ஆக, படிக்கு 8 ஆழாக்கு. ஆழாக்கை 168 மில்லி என்று வைத்தால் படி 1,344 மில்லி, அதாவது 1.3 லிட்டருக்குச் சற்று மேல். வீசம் என்பது பதினாறில் ஒன்று. வீசம் படி என்றால் அரை ஆழாக்கு, 84 மில்லி. "அரைக்கால் படி" என்று வேறு பக்கத்தில் வந்தால் எட்டில் ஒன்று, அதாவது முழு ஆழாக்கு. 'அரை' என்ற சொல்லைப் பார்த்து அரைப் படி போட்டுவிட்டால் பண்டம் வீண்.

எடைக்கு: பலம் 35 கிராம், 8 பலம் ஒரு சேர் (280 கிராம்), 40 பலம் ஒரு வீசை (1.4 கிலோ), 8 வீசை ஒரு மணங்கு (11.2 கிலோ).

உங்கள் குறிப்பு இப்படி வரும்: வடு சுமார் மூன்றேகால் கிலோ, கல்லுப்பு முக்கால் கிலோவை ஒட்டி, மிளகாய் 175 கிராம், கடுகு 55 முதல் 60 கிராம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாட்டி உப்பை எடை போடவில்லை, அளந்தார், அதுவும் கல்லுப்பை. தூள் உப்பு இடைவெளி இல்லாமல் நெருங்கி உட்காரும். அதே அரைப் படித் தூளில் நூறு கிராமாவது கூடிவிடும், வடு கரிக்கும். உடம்புக்கு ஆகாது என்று உப்பைப் பாதியாகக் குறைத்தாலும் தொல்லைதான்: நீர் கொழகொழத்து நாற்றம் எடுக்கும். குறைத்தே ஆக வேண்டும் என்றால் கொஞ்சமாகப் போட்டு, குளிர்பெட்டியில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். உப்புப் போட்ட முதல் சில நாள், வடு நீர் விட்டுச் சுருங்கும் வரை, ஜாடியைத் தினமும் இரண்டு வேளை குலுக்கிவிட வேண்டும்.

இன்னொன்று: படி ஊருக்கு ஊர் மாறியது. பட்டணம் படி மேலே சொன்னதைவிடப் பெரிது. பாட்டியின் உழக்கோ படியோ வீட்டில் கிடந்தால் அட்டவணையே வேண்டாம். அதைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்ஜியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. அளக்கும்போது தலைதட்டி அளந்தாரா, கோபுரமாகக் குவித்தாரா என்பதை வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

"2-6-9" என்பது 2 ரூபாய், 6 அணா, 9 தம்பிடி. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. இன்றைய எழுத்தில் 2 ரூபாய் 42 காசு. நூறு காசு கணக்கு 1957 ஏப்ரல் 1-இல் வந்தது. ஆகவே அந்தப் பக்கம் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அணாவிலேயே கணக்கு எழுதியவர்கள் உண்டு.

கேள்வி: அம்மா வழியில் வந்த ஈயச்சொம்பு இருக்கிறது. ஈயம் விஷம் என்கிறார்களே, ரசம் வைக்கலாமா? – வாசகர், திருநெல்வேலி

குழப்பம் சொல்லில் இருக்கிறது. வெள்ளீயம் (டின்) வேறு, காரீயம் (லெட்) வேறு. ரசச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. அதில் ரசம் வைக்கலாம். காரீயம்தான் நஞ்சு. கலப்படம் செய்தால் அது சொம்புக்குள் வந்துவிடும். புளித்தண்ணீரில் கரையவும் செய்யும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சமையல் தராசில் சொம்பை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து, எடையைப் பூஜ்ஜியமாக்கி, சொம்பை நூலில் கட்டி முழுவதும் மூழ்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் தொடக் கூடாது. உள்ளே காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுக்க வேண்டும். சுத்த வெள்ளீயத்துக்கு 7.3 வரும். காரீயத்துக்கு 11.3. உதாரணமாக, 730 கிராம் சொம்பு மூழ்கியதும் 100 காட்டினால் சரி. 88 காட்டினால் விடை 8.3, அந்தச் சொம்பு அலமாரியில் அழகுக்கு மட்டும். ஆனால் பத்தில் ஒரு பங்கு காரீயம் கலந்திருந்தால்கூட 7.5-ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அந்த நுணுக்கத்தை வீட்டுத் தராசு பிடிக்காது. சந்தேகம் இருந்தால் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்ப்பதே வழி. காகிதத்தில் தேய்த்தால் கருங்கோடு விழும் என்று சொல்லப்படும் சோதனையும் கலப்படம் மிகுந்திருந்தால்தான் பலன் தரும்.

சமைக்கும்போது ஒரே விதி: வெறும் சொம்பு அடுப்பில் ஏறக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும் வரை அந்த இடம் 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும், அதனால் தப்பிக்கிறது. பெரிய பர்னரில் தீ பக்கவாட்டில் ஏறி, நீர்மட்டத்துக்கு மேலே படும் இடத்தில்தான் சொம்பு ஓட்டையாகிறது. சிறிய பர்னர், சிறு தீ, முக்கால் அளவு புளித்தண்ணீர். பயமாக இருந்தால் ரசத்தை வேறு பாத்திரத்தில் கொதிக்கவிட்டுச் சொம்பில் ஊற்றி மூடிவையுங்கள். தாளிப்பு எப்போதும் தனிக் கரண்டியில். காய்ந்த எண்ணெய் 200 டிகிரியைத் தாண்டிவிடும்.

கேள்வி: பாட்டியின் இரும்பு தோசைக்கல் பத்து வருடம் கிடந்து துருவேறிவிட்டது. தேறுமா? – வாசகி, தேனி

தேறும். குழி விழுந்து, தட்டினால் செதில் உதிர்ந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். துருவை இரும்பு நாராலோ செங்கல் பொடியாலோ தேய்த்து எடுத்துவிட்டு, வடிகஞ்சியை ஊற்றி ஊறவையுங்கள்; தினமும் கஞ்சியை மாற்றித் தேய்க்க, மூன்று நாளில் தண்ணீர் தெளியும். புளி போட்டு இரவெல்லாம் ஊறவைக்காதீர்கள், துருவோடு நல்ல இரும்பையும் அரிக்கும். கழுவிய உடனே அடுப்பில் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அரை மணியில் மறுபடி செம்மை படரும்.

பிறகு எண்ணெய். அரை டீஸ்பூன் நல்லெண்ணெய் போதும். தடவி, துணியால் துடைத்து, எண்ணெய் இருந்த இடமே தெரியாதபடி ஆக்கி, புகை வரும் வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இப்படி ஐந்தாறு முறை. நிறைய எண்ணெய் ஊற்றினால் பிசின் மாதிரி ஒட்டும், தோசை எழும்பாது. முதல் தோசைகளைக் கனமாக, எண்ணெய் தாராளமாக விட்டு ஊற்றுங்கள். வார்ப்புக் கல்லாக இருந்தால் சூட்டோடு தண்ணீர் தெளிக்காதீர்கள், விரிசல் விடும்.

கேள்வி: துவரைக்கு விளக்கெண்ணெய் தடவிவைப்பது உண்மையில் பலன் தருமா? – வாசகர், விருதுநகர்

தரும், வண்டு புகுமுன் செய்தால். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், 5 மில்லி. எண்ணெய்ப் படலம் முட்டைக்குக் காற்று போகாமல் அடைத்துவிடுகிறது. பயறு வண்டு வயலிலேயே காயில் முட்டையிடும் என்பதால், டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் உள்ளே இருந்தே கிளம்பும். அதனால் முதலில் இரண்டு நாள் நல்ல வெயில். பிறகு நிழலில் முழுக்க ஆறவிட்டு எண்ணெய் பிசறி நிரப்புங்கள். சூடாக அடைத்தால் மூடியில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஏற்கெனவே துளை விழுந்திருந்தால் எண்ணெய் உதவாது.

கேள்வி: பழைய நூல் புடவைகளில் போர்வை தைக்க எத்தனை புடவை வேண்டும்? – வாசகி, ஈரோடு

ஐந்தரை மீட்டர் புடவை இரண்டு. ஒவ்வொன்றையும் மூன்றாக மடித்தால் மொத்தம் ஆறு அடுக்கு, நீளம் 1.8 மீட்டருக்குச் சற்று மேல். ஒருவர் போர்த்திக்கொள்ளலாம். கரையை முன்னமே வெட்டி எடுத்துவிடுங்கள். அது துவைத்ததும் வேறு அளவில் சுருங்கி ஓரத்தை இழுக்கும். ஓட்டுத் தையலை நடுவிலிருந்து வெளியே போடுங்கள், வரிசைக்கு இரண்டு விரல் இடைவெளி. ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி குவிந்து நிற்கும். பாலியெஸ்டர் புடவையைக் கலக்காதீர்கள், வழுக்கும்.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் 'பாங்க் ஆஃப் தஞ்சாவூர்' பாஸ்புக் கிடைத்தது. அந்த வங்கியே இல்லையே? – வாசகர், திருச்சி

வங்கி போனாலும் கணக்கு போகவில்லை. பாங்க் ஆஃப் தஞ்சாவூர் 1990-இல் இந்தியன் வங்கியுடன் இணைந்தது. அதே ஆண்டில் பாங்க் ஆஃப் தமிழ்நாடு இந்தியன் ஓவர்சீஸ் வங்கியுடனும், 2001-இல் பாங்க் ஆஃப் மதுரா ஐசிஐசிஐ வங்கியுடனும் சேர்ந்தன. பத்து ஆண்டுகள் யாரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ஆனாலும் வாரிசுகள் கேட்டுப் பெறலாம். மனுவை ரிசர்வ் வங்கிக்கு அனுப்ப வேண்டாம், இணைந்த வங்கியின் கிளையில்தான் கொடுக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கிய 'உத்கம்' தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். தாத்தா பெயரின் எழுத்துக்கூட்டலை, தலைப்பெழுத்தை முன்னும் பின்னும் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் சிக்குகிறது. நாமினி இருந்தால் இறப்புச் சான்றும் அவருடைய அடையாளச் சான்றும் எடுத்துச் செல்லுங்கள். நாமினி இல்லையென்றால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள். மூல பாஸ்புக்கைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் போதும்.